புது சுகர் மாத்திரை: “டெஸ்ட் பண்ணியாச்சு”ன்னு சொன்னா போதுமா?



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு என்றே எழுதி வரும் இந்தப் பக்கத்தில் இந்த மாதம் மருந்துச் சோதனை பற்றி எழுதுகிறேன். “நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. அதன்படி நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடி பேர். தமிழ்நாட்டில் பெரியவர்கள் 100 பேரை எடுத்தால் 14 பேருக்கு இருக்கிறது. அதாவது 20 பேர் உள்ள ஒரு குழுவில் சராசரியாக மூன்று பேர்!

நோயாளிகள் இருக்கிற இடத்தைத் தேடித்தான் மருந்துக் கம்பெனிகளும் வரும். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போன உறுப்பினர்கள் சிலரிடம், “புது சுகர் மாத்திரைக்குச் சோதனை நடக்குது, சேர்றீங்களா? மாத்திரை, ரத்த டெஸ்ட் எல்லாம் இலவசம், பஸ் செலவும் தருவோம்” என்று கேட்டிருக்கிறார்கள். கையில் ஒரு கத்தை காகிதமும் கொடுத்திருக்கிறார்கள். “கையெழுத்துப் போடலாமாக்கா?” என்று கூட்டத்தில் கேள்வி வந்தது. இன்னொரு பக்கம், “ஆய்வில் நிரூபிக்கப்பட்டது” என்று வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு மருந்து வருகிறது. இரண்டிலும் நாம் பார்க்க வேண்டியது ஒன்றுதான். சோதனை என்றால் என்ன, எந்தச் சோதனையை நம்பலாம்?

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் இப்போது போடுகிற மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். சந்தேகம் இருந்தால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் கேளுங்கள்.

சீட்டுக் குலுக்கிப் பார்ப்பது

மருந்தை முதலில் விலங்குகளிடம் பார்ப்பார்கள். பிறகு சில பத்துப் பேர், பிறகு சில நூறு பேர், கடைசியில் ஆயிரக்கணக்கானவர்கள். இதைத்தான் முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்கிறார்கள். கடைக்கு வந்த பிறகும் கவனிப்பது நான்காம் கட்டம்.

நல்ல சோதனையில் ஆட்களை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதிக்குப் புது மாத்திரை, மறு பாதிக்குப் பழைய மாத்திரை அல்லது மருந்தே இல்லாத டம்மி மாத்திரை. யாருக்கு எது என்பதை நம் குலுக்கல் மாதிரி அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடுவார்கள். ஏன்? டாக்டரே பிரித்தால், கொஞ்சம் தெம்பானவர்களைப் புது மாத்திரைப் பக்கம் தள்ளிவிட வாய்ப்பு உண்டு. அப்புறம் “பார்த்தீங்களா, எங்க மருந்து போட்டவங்க நல்லா இருக்காங்க” என்றால் அது மருந்தால் வந்ததா, ஏற்கனவே இருந்த தெம்பால் வந்ததா? கண்டுபிடிக்க முடியாது. யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பது சோதனை முடியும்வரை நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது என்று வைப்பது இன்னும் நல்லது.

ஆகவே, “நான் சாப்பிட்டேன், எனக்குக் குறைஞ்சிருச்சு” என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வது சோதனை ஆகாது. அவர் அதே மாதம் இரவுச் சோற்றை நிறுத்தியிருக்கலாம்.

சுகர் குறைந்தது, அப்புறம்?

இங்கேதான் நாம் அதிகமாக ஏமாறுகிற இடம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாம் எதற்காகச் சுகரைக் குறைக்கிறோம்? அட்டையில் எழுதும் எண்ணுக்காகவா? கண் கெடாமல், கிட்னி கெடாமல், காலை எடுக்காமல், மாரடைப்பு வராமல் இருக்கத்தானே! ஆனால் பல சோதனைகள் ஆறு மாதம் நடக்கும். மூன்று மாத சராசரி சுகர் எவ்வளவு இறங்கியது என்று மட்டும் பார்ப்பார்கள். இறங்கினால் “வெற்றி” என்று எழுதிவிடுவார்கள். இதயம் என்ன ஆச்சு என்பதற்கு ஆறு மாதம் போதாது.

ரோசிகிளிட்டசோன் என்று ஒரு மாத்திரை. கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் கம்பெனியுடையது. அமெரிக்காவில் 1999-ல் அனுமதி கிடைத்தது. சுகரை நன்றாகவே குறைத்தது. உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் சாப்பிட்டார்கள், நம் நாட்டிலும் விற்றது. 2007-ல் ஸ்டீவன் நிஸ்ஸன் என்ற அமெரிக்க இதய டாக்டர், இன்னொரு ஆய்வாளருடன் சேர்ந்து 42 சோதனைகளின் கணக்கை ஒன்றாகப் போட்டுப் பார்த்தார். இந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து 43 சதவீதம் கூடுதல் என்று வந்தது! அந்தச் சோதனைகளில் பல, எந்த மருத்துவப் பத்திரிகையிலும் வராதவை. வேறொரு மருந்து வழக்கில் ஏற்பட்ட சமரசத்தால் அந்தக் கம்பெனி தன் சோதனை முடிவுகளைப் பொதுவில் வைக்க வேண்டியிருந்தது. அங்கிருந்துதான் அவர் எடுத்தார். 2010-ல் ஐரோப்பாவில் விற்பனையை நிறுத்தினார்கள், அமெரிக்காவில் கடுமையாகக் கட்டுப்படுத்தினார்கள், இந்தியாவில் தடை செய்தார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 2013-ல் வேறொரு பெரிய சோதனையை மறுபடி சரிபார்த்துவிட்டு, ஆபத்து அந்த அளவுக்கு நிரூபணம் ஆகவில்லை என்று அமெரிக்க அரசு கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அப்போ யார் சொன்னது சரி? என் கருத்து இதுதான்: 1999-க்கு முன்பே இதயத்தையும் சேர்த்து, போதுமான ஆட்களை வைத்து, போதுமான வருடம் பார்த்திருந்தால் இத்தனை வருடச் சண்டையே வந்திருக்காது. சண்டை நடந்த வருடங்களில் மாத்திரை சாப்பிட்டவர்கள் மனிதர்கள்தானே. 2008-லிருந்து அமெரிக்க அரசு, புது சுகர் மருந்து என்றால் இதயத்துக்குக் கேடு இல்லை என்று காட்டு என்று கேட்க ஆரம்பித்தது. 2012-ல் அந்தக் கம்பெனி பல குற்றச்சாட்டுகளுக்காக 300 கோடி டாலர் கட்டியது. இந்த மாத்திரையின் பாதுகாப்பு விவரங்களை அரசிடம் முழுசாகக் கொடுக்காததும் அதில் ஒன்று.

எண்ணை மட்டும் விரட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு சோதனை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 சர்க்கரை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சராசரி சுகரை மிகவும் கீழே, கிட்டத்தட்ட நோயில்லாதவர் அளவுக்கு இறக்குவது. மறு பாதிக்கு வழக்கமான அளவு. இறக்கியவர்களுக்குத்தான் ஆயுள் கூடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது நேர்மாறு. கடுமையாக இறக்கிய பக்கத்தில் 257 சாவு, மறு பக்கத்தில் 203. 2008 பிப்ரவரியில் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். சுகரைக் கட்டுப்படுத்தவே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எண் இறங்கியது வேறு, ஆள் நல்லா இருக்கிறது வேறு என்று அர்த்தம்.

நாம் சாதாரணமாகச் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? இங்கிலாந்தில் 1977-ல் தொடங்கிய ஒரு சோதனையில், உடல் பருமன் உள்ள நோயாளிகளைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். சுகர் குறைந்ததோடு சாவும் மாரடைப்பும் குறைந்தது என்று 1998-ல் சொன்னார்கள். பழசு, விலை குறைவு. ஆனால் கணக்கு முழுசாக இருக்கிறது!

அதில் பெண்கள் எத்தனை பேர்?

இந்தக் கேள்வியை நம்மைத் தவிர யாரும் கேட்க மாட்டார்கள் சகோதரிகளே.

அதே ரோசிகிளிட்டசோன் மாத்திரையை 4,360 பேரிடம் சுமார் நான்கு வருடம் பார்த்த ஒரு சோதனை 2006-ல் வெளியானது. பெண்களை மட்டும் தனியாக எண்ணிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. மெட்ஃபார்மின் சாப்பிட்ட 100 பெண்களில் 5 பேருக்கு எலும்பு முறிவு. ரோசிகிளிட்டசோன் சாப்பிட்ட 100 பெண்களில் 9 பேருக்கு. கை, பாதம் போன்ற இடங்களில்தான் அதிகம். ஆண்களிடம் இந்த வித்தியாசம் இல்லை! ஆண்களையும் பெண்களையும் சேர்த்தே எண்ணியிருந்தால் இது மங்கிப் போயிருக்கும். நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிற ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தால் எத்தனை நாள் கூலி போகும்?

நம் சென்னையிலேயே நடந்த நல்ல சோதனை ஒன்று உண்டு. சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 531 பேரை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நான்கு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2006-ல் முடிவு வந்தது. சும்மா விட்டவர்களில் மூன்று வருடத்தில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடைப்பயிற்சி, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று இருந்தவர்களில் 39 பேர். மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களில் 40 பேர். நடை, சாப்பாட்டோடு மாத்திரையும் சேர்த்தவர்களில் 39 பேர்தான். நடந்தே போகிறவருக்கு மாத்திரை சேர்த்ததால் கூடுதல் லாபம் தெரியவில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. ஆனாலும் சொல்கிறேன், அந்த 531 பேரில் பெண்கள் 110 பேர் மட்டுமே.

பெண்களுக்கு வரும் தொந்தரவில் இன்னொரு சிக்கல், நாம் வெளியே சொல்ல மாட்டோம். எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். 2015-ல் வெளியான இதன் பெரிய சோதனையில், பெண்களில் 100-க்கு 10 பேருக்குப் பிறப்புறுப்பில் தொற்று வந்தது. டம்மி மாத்திரை சாப்பிட்ட பெண்களில் இரண்டு மூன்று பேருக்குத்தான். அரிப்பு, வெள்ளைப்படுதல் என்று கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருந்தால் நமக்கும் சிகிச்சை கிடைக்காது, கணக்கிலும் ஏறாது.

சதவீதத்தைப் பார்த்து மயங்காதீங்க

அந்த மாத்திரை நல்ல மாத்திரைதான். அதே சோதனையில் இதய நோயால் வரும் சாவு “38 சதவீதம் குறைந்தது” என்று வந்தது. கேட்டால் 100 பேரில் 38 பேர் பிழைத்த மாதிரி இருக்கும். உண்மைக் கணக்கு என்ன? டம்மி மாத்திரை சாப்பிட்ட 100 பேரில் சுமார் 6 பேர் இறந்தார்கள். மருந்து சாப்பிட்ட 100 பேரில் சுமார் 4 பேர். மூன்று வருடத்தில் 100-க்கு இரண்டு உயிர். இது சின்ன விஷயம் இல்லை, ஆனால் 38-ம் இல்லை. அதிலும் அந்த 7,020 பேரும் ஏற்கனவே இதயம், ரத்தக்குழாய் நோய் உள்ளவர்கள். அந்த நோய் இல்லாத 40 வயதுப் பெண்ணுக்கும் இதே லாபம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மாரடைப்பு 43 சதவீதம் கூடியது என்று மேலே எழுதியதற்கும் இதே கேள்வியைப் போடுங்க: “நூறு பேரில் எத்தனை பேர் எத்தனை பேரானார்கள்?” வட்டியை மாதத்துக்கா வருஷத்துக்கா என்று கேட்காமல் நாம் கடன் வாங்குவதில்லையே!

பாதியில் போனவர்களையும் கேட்க வேண்டும். 20 பேர் சேர்ந்த குழுவில் எட்டுப் பேர் விலகிவிட்டார்கள். மீதி 12 பேரை மட்டும் காட்டி “எங்கள் குழுவில் நூறு சதவீதம் திருப்பிச் செலுத்துதல்” என்று எழுதினால் கூட்டமைப்பு ஒத்துக்கொள்ளுமா? “போன எட்டுப் பேரோட கடன் என்ன ஆச்சு?” என்று கேட்போம். மருந்துச் சோதனையில் விலகியவர்கள் பெரும்பாலும் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களாகவே இருக்கலாம்.

ஒரு சோறு பதம் பார்க்க முடியாது

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்போம். வெந்திருக்கிறதா என்று பார்க்க அது சரி. சோற்றில் கல் இருக்கிறதா என்று பார்க்க அது உதவாது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வரும் கேடு, இரண்டாயிரம் பேர் சோதனையில் தெரியாமலே போகலாம்.

ட்ரோகிளிட்டசோன் என்ற சுகர் மாத்திரைக்கு இதுதான் நடந்தது. சுமார் 2,500 பேரிடம் பார்த்த சோதனைகளில் 100-க்கு இரண்டு பேருக்குக் கல்லீரல் டெஸ்டில் எண் மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. 1997-ல் அமெரிக்காவில் கடைக்கு வந்தது. லட்சக்கணக்கானவர்கள் சாப்பிட்ட பிறகுதான் கல்லீரல் அடியோடு செயலிழந்து சாகிறார்கள் என்று தெரிந்தது. இங்கிலாந்தில் அதே 1997 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் 2000 மார்ச் வரை விற்றது.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனி கண்டுபிடித்து, டென்மார்க் நோவோ நார்டிஸ்க் கம்பெனி சோதித்த ராகாகிளிட்டசார். மனிதர்களிடம் மூன்றாம் கட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, எலிகளிடம் நடந்த நீண்ட காலச் சோதனையில் சிறுநீர்ப்பையில் கட்டி தெரிந்தது. 2002-ல் நிறுத்தினார்கள். அதற்குள் இந்திய நோயாளிகளும் அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருந்தார்கள். “விலங்குச் சோதனை எல்லாம் முடிஞ்சிருச்சா?” என்று கேட்பதில் தப்பே இல்லை.

கையெழுத்துக்கு முன்னால்

இதையெல்லாம் படித்துவிட்டுச் சோதனையே கூடாது என்று நினைக்க வேண்டாம். யாரோ முன்வந்ததால்தான் இன்று நமக்கு இன்சுலின் இருக்கிறது, மெட்ஃபார்மின் இருக்கிறது. சேர்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் விவரம் தெரிந்து சேர வேண்டும். அதற்கு 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் நம் பக்கம் இருக்கின்றன.

படிவம் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், சோதனைக்குச் சம்பந்தம் இல்லாத ஒரு சாட்சி முழு நேரமும் கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும். படிக்கத் தெரிந்த குழுச் சகோதரி ஒருவரைக் கூட்டிப் போங்க. கையெழுத்தான பிறகு ஒரு பிரதி உங்களுக்குத் தர வேண்டும். “அது ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும்” என்றால் விடாதீங்க. அங்கேயே போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லலாம். உங்கள் சம்மதத்தை உங்கள் கணவர் கொடுக்க முடியாது, மகன் கொடுக்க முடியாது. குழுத் தீர்மானம் போட்டும் கொடுக்க முடியாது. “உங்க குழுவிலிருந்து பத்துப் பேரைச் சேர்த்துக் கொடுங்க” என்று யாராவது ஊக்குநரையோ பிரதிநிதியையோ அணுகினால், முதல் வேலையாகக் கூட்டமைப்புக்குத் தெரிவியுங்கள்.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. சோதனையால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டு. சாவு நேர்ந்தால் வாரிசுக்கு நஷ்டஈடு. 8 லட்ச ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் நிலையையும் பார்த்துக் கணக்கிடுவார்கள். இரவு பகல் எந்த நேரத்தில் உடம்பு முடியாமல் போனாலும் யாருக்குப் போன் பண்ணுவது? அந்த நம்பர் படிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கணக்கு எழுதுகிறவரே ஆடிட் பண்ணக் கூடாது என்பது நமக்குத் தெரியும். பெரும்பாலான சோதனைகளுக்குப் பணம் கொடுப்பது அந்த மருந்தை விற்கப் போகும் கம்பெனிதான். அதனால்தான் ஒவ்வொரு சோதனைக்கும் நெறிமுறைக் குழு என்று ஒன்று வேண்டும். குறைந்தது ஏழு பேர். பாதிப் பேராவது அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்கள். ஒரு பெண், ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு சாதாரணப் பொதுஜனம் கட்டாயம். அதன் போன் நம்பரும் படிவத்தில் இருக்கும். இந்தியாவில் நடக்கும் சோதனைகளை சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009 ஜூன் முதல் கட்டாயம். இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேளுங்க, மகளோ மகனோ போனில் தேடித் தருவார்கள். எண் இல்லை, பிறகு தருகிறோம் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

முக்கியமான இரண்டு கேள்வி இன்னும் பாக்கி. “இப்ப சாப்பிடுற மாத்திரையை நிறுத்தச் சொல்வீங்களா, எனக்கு டம்மி மாத்திரை வந்தா சுகர் ஏறுமே, அப்ப என்ன செய்வீங்க?” என்பது ஒன்று. “சோதனை முடிஞ்ச பிறகு?” என்பது இன்னொன்று. சுகர் ஆயுசுக்கும் இருக்கும், சோதனை ஆறு மாதமோ இரண்டு வருடமோதான். முடிந்ததும் இலவச மாத்திரை நின்றுவிடும் என்று வைத்துக்கொண்டே முடிவு செய்யுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை வாங்குகிறவர்கள், சோதனையில் சேர்வதை அந்தச் சுகாதாரத் தன்னார்வலரிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு பக்க மாத்திரையும் சேர்ந்து சுகர் தாழ்ந்து மயக்கம் வரலாம். கர்ப்பமாக இருந்தாலும், குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தாலும் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லுங்கள்.

பொடி, லேகியம்

“சர்க்கரையை அடியோடு ஒழிக்கும்” என்று விளம்பரம் செய்வதே சட்டப்படி குற்றம். 1954-லேயே இதற்கு மத்தியச் சட்டம் இருக்கிறது. விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் சர்க்கரை நோயும் உண்டு. ஆவாரம்பூ பொடி, நாவல்கொட்டைப் பொடி தயாரித்து விற்கும் நம் குழுக்களும் இதைக் கவனிக்க வேண்டும். பாக்கெட்டில் பொருளின் பெயரைப் போடுங்கள், “சுகர் குணமாகும்” என்று அச்சடிக்காதீர்கள். வாங்குகிறவர் அதை நம்பி இன்சுலினை நிறுத்திவிட்டால்?

சோதனை மருந்தோ, கடை மருந்தோ, எதைச் சாப்பிட்டு உங்களுக்கு வழக்கத்துக்கு மாறான தொந்தரவு வந்தாலும் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். கடையில் வாங்கும் மருந்துக்கு, அரசின் மருந்துப் பக்கவிளைவு கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024-க்கு நீங்களே போன் செய்து பதிவு செய்யலாம். மாத்திரைப் பட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். பெயர், பேட்ச் எண், எப்போதிலிருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார்கள்.